ஆறு மீட்டர் கோல்

ஏழாவது ஆட்டத்தையும் தோற்றுவிட்டுப் பேருந்துக்கு வந்த பெண்களை உடற்கல்வி இயக்குநர் படிக்கட்டில் நின்று வரவேற்றார். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே விடுகிறவரைப் போல, ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு வசவைக் கிழித்துக் கொடுத்து உள்ளே விட்டார். கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் வந்தபோது மட்டும் குறுக்கே கையை நீட்டினார்.

"இன்னிக்கு நாலு. இதுவரைக்கும் மொத்தம் எத்தனைன்னு தெரியுமா உனக்கு?"

"இருபத்தொம்பது சார்."

"அதை மட்டும் சரியா எண்ணி வெச்சிருக்க. கோல்கீப்பர்னா கதவு மாதிரி நிக்கணும்மா. நீ திரைச்சீலை மாதிரி நிக்கிற. காத்தடிச்சா ஒதுங்கி வழி விடுற."

உள்ளே சிரித்தார்கள். தோற்ற அணியில் சிரிப்புக்குப் பஞ்சமே வராது, அது யார் தலையில் விழும் என்பதுதான் கேள்வி. அந்த வருஷம் முழுக்க அவள் தலையில் விழுந்தது. சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி. எதிரணிப் பெண் பந்தோடு தன்னைத் தாண்டுகிற நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டக் குனிகிற புண்ணியவதி அவள்.

இயக்குநர் உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார். "கடைசி மேட்சுக்கு இவ வேணாம். ஃபர்ஸ்ட் இயர்ல ஹேண்ட்பால் ஆடுற பொண்ணு ஒண்ணு இருக்கு. அவ நிக்கட்டும். பழகின கையாவது இருக்கும்."

சல்லடை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இது மூன்றாம் வருஷம். முதல் இரண்டு வருஷம் ஒரு சீனியருக்குப் பின்னால் பெஞ்சைத் தேய்த்தாள். சீனியர் போனபிறகு கிடைத்தது இந்த ஒரே வருஷம். இதற்குமேல் கல்லூரியும் இல்லை, கோலும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதையும் இப்போது, பந்தைக் கையால் எறிகிற ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் கேப்டன். உயரமான பெண், நடு முன்வரிசையில் ஆடுகிறவள். ஒற்றைக் காலில் நின்று யோசித்துவிட்டுத்தான் பந்தை அடிப்பாள் என்பதால் கொக்கு என்று பெயர். அந்தப் பேருந்தில் சிரிக்காத ஆள் அவள் ஒருத்திதான்.

"நான் பேசிப் பார்க்கிறேன்டி," என்றாள் கொக்கு.

"வேணாம். நீ பேசினா அவருக்கு இன்னும் குஷியாயிடும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால், சல்லடை கல்லூரி மைதானத்துக்குப் போனாள். பயிற்சிக்கு அல்ல. எதையாவது உதைக்க வேண்டும்போல இருந்தது. இடது கம்பத்தை ஓர் உதை விட்டாள். கம்பம் கம்மென்று நின்றது, வலி காலுக்குத்தான். அந்த ஆத்திரத்தோடு கோலின் நடுவில் போய் நின்று, வராத பந்துக்கு ஓரடி எடுத்து வைத்து வலப்பக்கம் பாய்ந்தாள். விரல்நுனி கம்பத்தில் டங்கென்று பட்டது. இடப்பக்கம் பாய்ந்தாள். அங்கேயும் டங்.

தரையில் கிடந்தபடியே விரல்களைப் பார்த்தாள். நேற்று ஸ்டேடியத்தில் இதே அடி, இதே பாய்ச்சல். பந்து விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடம் விட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போனது. கைக்கு உள்ளூரில் ஒரு நீளம், வெளியே ஒரு நீளமா?

ஆட்டங்கள் எல்லாமே எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஸ்டேடியத்தில்தான். கல்லூரி மைதானம் பயிற்சிக்கு மட்டும். இங்கே வந்து விளையாடிய வெளியாள் ஒருத்திகூடக் கிடையாது.

வீட்டுக்கு ஓடி அப்பாவின் இரும்பு டேப்பை எடுத்துவந்தாள். ஐந்து மீட்டர் டேப். ஐந்தாவது மீட்டரில் காலால் மண்ணைக் கீறி, அங்கிருந்து மறுபடி இழுத்தாள். ஒரு மீட்டர். முடிந்தது. மறுபடி அளந்தாள். அதே ஆறு மீட்டர். போனில் விதியைத் தேடிப் பார்த்தாள். கோலின் அகலம் ஏழு மீட்டர் முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.

இந்தப் பக்கம் ஒரு முழமும் ஒரு சாணும், அந்தப் பக்கம் ஒரு முழமும் ஒரு சாணும் குறைச்சல். நாள் தவறாமல் ஆறு மீட்டரைக் காத்துப் பழகிவிட்டு, ஏழேகால் மீட்டர் வாசலில் போய்க் காவல் நின்றிருக்கிறாள்.

முதலில் வந்தது நிம்மதி. டேப் உள்ளே சுருண்டு முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. அந்தக் கோலைச் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியும். பருவம் தொடங்குவதற்கு முன், பழைய கோல் துருப்பிடித்துச் சாய்ந்தபோது, "எங்கப்பா வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு சார்" என்று இயக்குநரிடம் போய்ச் சொன்னதே அவள்தான்.

பட்டறையில் அப்பா ஒரு கேட்டின் மேல் குனிந்து பொறி பறக்க வைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று பொறி அடங்கும்வரை காத்திருந்தாள். வெல்டர் மகளுக்கு அந்தப் பழக்கம் தானாக வரும்.

"ப்பா, காலேஜ் கோல் போஸ்ட் அகலம் எவ்வளவு?"

"ஆறு மீட்டர். ஏன், விழுந்துடுச்சா?"

"விழல. ஏழு முப்பத்திரண்டு இருக்கணும்."

அப்பா முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆமா. உங்க டைரக்டர் முதல்ல அதைத்தான் சொன்னாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"அவர் சொல்லித்தானே எனக்கே தெரியும். பைப் ஆறு மீட்டர்தான் சார் வரும், ஏழு வேணும்னா துண்டு சேர்த்து ஜாயிண்ட் போடணும், தொங்காம இருக்க உள்ள ராடு வைக்கணும், ரெண்டு நாள் ஆகும்னேன். நாளைக்கு காலேஜைப் பார்க்க கமிட்டி வருது, மைதானத்துல கோல் இருந்தாப் போதும், ஒரே பைப்புல முடிச்சுடுன்னாரு. பரவால்லையா சார்னு கேட்டேன் பாப்பா. பிராக்டிஸுக்குத்தானே, ஆறா ஏழான்னு பந்துக்குத் தெரியவா போகுதுன்னாரு."

"பந்துக்குத் தெரிஞ்சிருக்குப்பா. எனக்குத்தான் தெரியல."

"என்ன சொல்ற?"

"இருபத்தொம்பது கோல் விட்டிருக்கேன். டைரக்டர் திட்டாத நாளில்ல, ஊரே சல்லடைங்குது. அதுல பாதி உங்க பைப்பு விட்டது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கு என்ன கண்ணு தெரியும்? நான் கேட் செய்யறவன். வீட்டுக்காரர் இந்த அகலம் போதும்னா போதும். அவங்க வண்டி நுழையுமான்னு நான் போய் நின்னு பார்க்கிறேனா?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் சூடு ஏறிவிட்டது. கையுறையைக் கழற்றி மேசைமேல் அடித்தார். "தெரிஞ்சே உன்னைத் திட்டினானா அந்த ஆளு? வா, இப்பவே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன்."

"நீங்க வந்தா பேச்சு நீங்க செஞ்ச வேலைன்னு ஆரம்பிக்கும். நான் போறேன்."

இயக்குநரின் அறையில் கோப்பைகள் இருந்தன, எல்லாம் பழைய காலத்துக் கோப்பைகள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவள் அளவைச் சொன்னாள். பம்ப் இரண்டு தடவை ஏறி இறங்கி நின்றது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்ட சொன்ன?"

அப்படியா என்று கேட்கவில்லை. எங்கே, வா பார்க்கலாம் என்று எழவில்லை. யார்கிட்ட சொன்னாய் என்று கேட்டார். கடைக்காரர் முதல் வார்த்தையிலேயே குரலைத் தணித்துவிட்டால் சரக்கில் பழுது இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் சார் டீம் முன்னாடி சொல்லணும்."

"என்னன்னு?"

"இருபத்தொம்பதும் என் தப்பில்லைன்னு. நான் நியாயமாத்தான் கேட்கிறேன். பாதி நான் விட்டது. மீதிப் பாதியையாவது என் தலையில இருந்து இறக்குங்க."

அவர் பந்தை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். குரலில் திடீரென்று ஒரு வாஞ்சை வந்து உட்கார்ந்தது. "சொல்லலாம்மா. எனக்கென்ன? சொன்னா அடுத்த நிமிஷம் யார் செஞ்ச போஸ்ட்டுன்னு கேள்வி வரும். உங்கப்பா பேர் வரும். சைக்கிள் ஸ்டாண்டு, லேப் ஜன்னல் கம்பி, எல்லாம் அவருக்குத்தானே போகுது? ஆபீஸ்ல எவனாவது 'அளவு தப்பு'ன்னு ஒரு வரி எழுதி வெச்சா என்ன ஆகும்? நான் எழுதுவேன்னு சொல்லல. எழுதுவாங்கன்னு சொல்றேன்."

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"உனக்கு என்ன வேணும், கடைசி மேட்ச் நிக்கணும். அவ்வளவுதானே? நில்லு. நோட்டீஸ்ல உன் பேரையே போடறேன். லீவுல போஸ்ட்டைச் சத்தமில்லாம மாத்திடலாம். நடுவுல யாரும் எதையும் பேச வேணாம். உங்கப்பாவையும் சேர்த்து."

"சல்லடைன்னு கூப்பிடறது?"

"அது நான் வெச்ச பேரா?"

பேரம் பேசத் தெரிந்தவள் என்றால் இந்த இடத்தில் எழுந்து நடந்திருப்பாள், வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்திருப்பாள். அவளால் நடக்க முடியவில்லை. அவள் மூன்று வருஷமாக ஆசைப்பட்ட பொருள் எதிராளி கையில் இருந்தது. "சரி சார்" என்றாள். அந்த இரண்டு வார்த்தை இவ்வளவு லேசாக வெளியே வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வராந்தாவில் தண்ணீர்க் குழாயைத் திறந்து, தேவையே இல்லாமல், முகத்தை மூன்று தடவை கழுவினாள்.

கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் வெளியே ஒரு முழமும் சாணும் தள்ளி ஒரு செங்கல்லை வைத்தாள். கம்பத்தை மறந்து செங்கல்லிலிருந்து செங்கல்வரை காத்தாள். முதல் இரண்டு நாள் உடம்பு கேட்கவில்லை, கம்பத்திலேயே போய் மோதியது. தோள் நீலம் பாரித்தது. நான்காம் நாள் கால் தானாக அரையடி கூட வைக்கத் தொடங்கிற்று.

"செங்கல் எதுக்குடி? வீடு கட்டப் போறியா?" என்று இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி கேட்டாள்.

"உன்னை உள்ள வெச்சுப் பூசிடலாம்னு."

கொக்குவும் கேட்டாள், கிண்டல் இல்லாமல். "சும்மாதான்," என்றாள் சல்லடை. மைதான ஓரத்தில் இயக்குநர் விசிலை வாயில் வைத்தபடி வேறு திசையில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று அப்பா ஸ்டேடியத்துக்கு வந்திருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. பொறி தெறித்துப் பொத்தல் விழுந்த வேலைச் சட்டையோடு கோலுக்குப் பின்னால் நான்காம் படியில் உட்கார்ந்தார். உட்காரும் முன் கோலின் குறுக்குக் குழாயில் ஜாயிண்ட் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அன்று அவள் நின்றது கதவுமாதிரிதான். வலது மூலைக்கு வந்ததைத் தட்டிவிட்டாள். இடது மூலைக்குத் தரையோடு வந்ததை விரல்நுனியால் வெளியே தள்ளினாள். எதிரணிக் கீப்பர் அந்தக் கோடியிலிருந்து கைதட்டுவது தெரிந்தது. இருபது நிமிஷம் அவள் உடம்பில் கோபமே இல்லை.

அப்புறம் கொக்கு அடித்தாள்.

இருபதடி தூரத்தில் பந்து, எதிரே கீப்பர் மட்டும். கொக்கு ஒற்றைக் காலில் நின்றாள், தலையைக் குனிந்தாள், மூலைக்கு அடித்தாள். பந்து மூலைக்குப் போகவில்லை. கம்பத்துக்கு ஒரு முழமும் சாணும் உள்ளே, கீப்பர் சாவகாசமாகக் கை நீட்டினால் எட்டுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொக்கு தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் முழுக்க இதே கதைதான். ஏழு ஆட்டத்தில் இரண்டே கோல்.

மறுகோடியில் நின்ற சல்லடை கோட்டை விட்டு நாலடி முன்னால் வந்து நின்றாள். கொக்கு அடிக்கும்போது கோலை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பார்க்கத் தேவையில்லாத அளவு பழகியவள். பழகியது எந்த மூலைக்கு? தினமும் சாயங்காலம் ஐம்பது பந்து, ஆறு மீட்டர் கோலின் மூலைக்கு.

பத்து நாளாக அவள் தன் கையை மட்டுமே அளந்துகொண்டிருந்திருக்கிறாள். எதிர்க்கோடியில் இன்னொரு கோல் இருக்கிறது, அங்கேயும் ஒருத்தி அதே அளவுக்கு ஏமாந்துகொண்டிருக்கிறாள் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

இடைவேளையில் எல்லோரும் புல்லில் சரிந்தார்கள். கொக்கு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னன்னே தெரியலடி. சரியாத்தான் அடிக்கிறேன். காலே என்னுது இல்லாத மாதிரி இருக்கு."

ஒரு வாக்கியம் போதும். இன்னும் வெளியே தள்ளி அடி, அவ்வளவுதான். சல்லடை வாயைத் திறந்தாள். நாலடி தள்ளி இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மட்டும் மெதுவாகத் திருப்பி, நான்காம் படியில் உட்கார்ந்திருந்த பொத்தல் சட்டையைப் பார்த்தார்.

சல்லடை பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

இரண்டாம் பாதியில் கொக்கு இன்னும் இரண்டு அடித்தாள். இரண்டும் கீப்பரின் கைக்கே போயின. முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது, எதிரணி அடித்த சாதாரணப் பந்து ஒன்று, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரியின் முழங்காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது. ஒன்றுக்குப் பூஜ்யம். எட்டுக்கு எட்டு தோல்வி.

ஆனாலும் மற்ற ஏழு ஆட்டத்தைப்போல் அடிவாங்கிய தோல்வி இல்லை. கல்லூரி முதல்வர் மைதானத்துக்கே இறங்கிவந்து சல்லடையின் கையைக் குலுக்கினார். "இன்னிக்கு பிரமாதம்மா. இத்தனை நாள் எங்க இருந்த நீ?"

இயக்குநர் அவள் தோளில் கை வைத்தார். நீலம் பாரித்த தோள்.

"எல்லாம் திட்டித் திட்டிக் கொண்டுவந்தது மேடம். ஏழு மேட்ச் நான் போட்ட சத்தம் வீண் போகல. சில பிள்ளைங்களுக்கு அவமானப்பட்டாத்தான் கை நீளும்."

வாயை மூடிக்கொள்வதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் பட்ட அடிக்கெல்லாம் அவர் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. பேசி முடித்ததற்கு மேலே ஒருவர் கை நீண்டால் பேச்சு முறிந்தது, அது எந்த வியாபாரத்துக்கும் பொது. அவள் தோளைக் குலுக்கி அந்தக் கையைக் கீழே விழவிட்டாள்.

"மேடம், நம்ம காலேஜ் கோல் ஆறு மீட்டர். இது ஏழு முப்பத்திரண்டு. அது சாருக்கு முதல் நாள்ல இருந்து தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னாள். கமிட்டி வந்தது, ஒரே பைப், சாத்திய கதவு, எதையும் விடவில்லை. குரல் உயரவில்லை. சுற்றிலும் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"செஞ்சது யாருன்னு அவளையே கேளுங்க மேடம்," என்றார் இயக்குநர். "அவங்கப்பா."

அப்பா அதற்குள் கம்பிவேலி அருகே வந்திருந்தார். "ஆமாங்க, நான்தான் செஞ்சேன். அளவைச் சொன்னதும் சார்தான், குறைக்கச் சொன்னதும் சார்தான். என்னை எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன். இனிமே உங்க காலேஜ்ல ஒரு ஜன்னல் கம்பிகூட நான் செய்யல, போதுமா?"

முதல்வர் இருவரையும் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "இதெல்லாம் ஸ்டேடியத்துல நின்னு பேசற விஷயமா? திங்கட்கிழமை எழுத்துல கொடுங்க." சொல்லிவிட்டு வேகமாகக் காரை நோக்கி நடந்தார். இயக்குநர் விளக்கம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினார்.

அவ்வளவுதான். ஒரு வருஷத்து அவமானத்துக்கு ஒரு திங்கட்கிழமை கிடைத்தது.

சல்லடை திரும்பினாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள், மன்னிப்பு இல்லாவிட்டாலும் ஒரு திட்டாவது, அவரைப் பார்த்து. இடதுபக்கத் தடுப்பாட்டக்காரி தரையைப் பார்த்தாள். கொக்கு மட்டும் நேராகப் பார்த்தாள்.

"எப்போ அளந்த?"

"போன மேட்சுக்கு மறுநாள்."

"அப்போ பத்து நாள் ஆச்சு."

"எங்கப்பா பேரை இழுப்பேன்னு சொன்னாரு. வேலை போயிடும்னு."

"சரி. இருக்கட்டும். நான் அடிக்கிறது ஏன் உள்ள போகலன்னு உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். கொக்குவிடம் வரவில்லை. "ஃபர்ஸ்ட் ஹாஃப்ல. நீ முதல் தடவை அடிச்சப்போ."

கொக்கு தலையாட்டினாள், ஒரு கணக்கு டாலியானதுபோல. "ஹாஃப் டைம்ல கால் என்னுது இல்லாத மாதிரி இருக்குன்னு உன்கிட்டதான் சொன்னேன். நீ தண்ணி குடிச்ச."

"ஆமா."

"எனக்கும் இதுதான் கடைசி மேட்ச்."

"தெரியும்."

"அந்த ஆளு ஏழு மேட்ச் நம்மளைத் தோக்க வெச்சான். இது நீ தோக்க வெச்சது."

இயக்குநர்மேல் சல்லடை மூட்டி வைத்திருந்த நெருப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதில் யாரை வைத்துச் சுடுவது என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

கொக்கு பந்துப் பையை இழுத்துவந்து கவிழ்த்தாள். பந்துகள் புல்லில் உருண்டன. "போய் நில்லு," என்று கோலைக் காட்டினாள்.

சல்லடை போய் நின்றாள். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை. கொக்கு இந்தத் தடவை ஒற்றைக் காலில் நிற்கவில்லை, நிமிர்ந்து கம்பத்தை முறைத்துப் பார்த்துவிட்டு அடித்தாள். பந்து சல்லடையின் விரலில் உரசி வெளியே போனது. அடுத்தது கையில் சிக்கியது. சிக்கியபோது முழங்கைவரை எரிந்தது. இவ்வளவு பலமாகக் கொக்கு அடித்து அவள் பார்த்ததில்லை.

"இன்னும் அரைச்சாண் வெளிய அடி," என்றாள் சல்லடை.

"வாயை மூடிட்டு நில்லுடி," என்றாள் கொக்கு, அடுத்த பந்தைக் காலால் இழுத்து வைத்துக்கொண்டு. "வாயை மூடறது உனக்கு நல்லா வரும்."

அடித்தாள். பந்து கம்பத்தின் உள்விளிம்பை உரசிக்கொண்டு வலையில் போய் விழுந்தது. கொக்கு அதைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த பந்தை இழுத்து வைத்தாள்.